இரண்டு பங்ஷனைக் கோத்த விதம்

என் பெயர் செழியன். வயது இருபத்தாறு. பெங்களூரில் நாலு பேரோடு ஓர் அறையில் இருக்கிறேன். இங்கே சாம்பாரில் வெல்லம் போடுகிறார்கள், பழகிவிட்டது. குடும்பத்தில் ஆளுக்கு ஒரு விதமாகப் பேசுவதால், நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

அன்று எங்கள் ஊர் ஏழாயிரம்பண்ணையில், குலதெய்வக் கோயிலில், இரண்டு விசேஷம். அக்கா பானுப்பிரியாவின் மகனுக்கு மொட்டை, காதுகுத்து. தங்கை பிரீத்திகாவுக்கு நிச்சயதார்த்தம். எங்கள் சொந்தக்காரர்கள் வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனியில் எல்லோருக்கும் சேர்த்து ஒரு நாள்தான் லீவு. அப்பா குடும்ப வாட்ஸப்பில் ஒரே செய்தியைத் திருத்தித் திருத்திப் போட்டார். அத்தை படித்தபோது நிச்சயம் பத்து மணி. சித்தி படித்தபோது பன்னிரண்டு. இருவரும் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

நான் புரோகிராம் எழுதுகிறவன். இருப்பதைத் திருத்துவதுதான் எல்லாத் தப்புக்கும் வேர் என்று எங்கள் வேலையில் ஒரு கட்சி உண்டு. நான் அந்தக் கட்சி. புரோகிராமில் பங்ஷன் என்பது ஒரு சின்ன வேலை. அது ஒன்றை வாங்கும். புதிதாக ஒன்றைச் செய்து கொடுக்கும். அதை அடுத்த பங்ஷன் வாங்கிக்கொள்ளும். எங்கிருந்து வந்தது என்று விசாரிக்காது. சின்னப் பங்ஷன்களை இப்படிக் கோத்தால் போதும். எங்கள் ஊரில் விசேஷத்துக்கும் பங்ஷன் என்றே பெயர். நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன்.

“திருத்தக் கூடாதுப்பா, கோக்கணும்,” என்றேன்.

“பெரிய படிப்பு படிச்சவன், நீயே பாத்துக்கோலே,” என்றார் அப்பா.

இரண்டு விசேஷத்திலும் மாலை உண்டு. அதற்கு இரண்டு ஆள் எதற்கு. வருகிறவருக்குப் பெரியப்பா மாலை போடுவார். மாலையோடு வருகிறவருக்குச் சிவபாண்டி அண்ணன் மொட்டையடிப்பார். மொட்டையோடு வருகிறவருக்கு ஆசாரி காது குத்துவார். யாரும் எதுவும் கேட்கக் கூடாது.

யாரும் கேட்கவில்லை. எல்லாம் சரியாக நடந்தது.

விருதுநகரிலிருந்து மாப்பிள்ளை விக்னேஷ்குமார்தான் முதலில் வந்தார். சாதுவான மனிதர். மாலை விழுந்தது. சிவபாண்டி அண்ணன் தலையில் தண்ணீர் தெளித்தபோது, இது எங்கள் வீட்டு வழக்கம் போலிருக்கிறது என்று மாப்பிள்ளை நினைத்துக்கொண்டார். பெண் வீட்டு வழக்கத்தை யார் கேள்வி கேட்பார்கள். அண்ணன், ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்து, காது குத்தத் தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். தாய்மாமன் நான். உட்கார்ந்தார். கனமாகத்தான் இருந்தார்.

“மச்சான், இது… எல்லாருக்கும் உண்டா?” என்று மெல்லக் கேட்டார்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் பாதி வழியில் நிறுத்தினால் கோத்ததெல்லாம் அறுந்துவிடும். “ஆடாம இருங்க மாப்ள,” என்று தலையைப் பிடித்துக்கொண்டேன். ஆசாரி குத்தினார்.

பிரீத்திகா மேடையில் அழுதாள். மாப்பிள்ளையின் அம்மா பாண்டிலட்சுமி மண்டபத்தின் நடுவே நின்று கேட்டார்:

“பொண்ணு தாரோம்னு கூப்பிட்டு, எம் மகனுக்கு மொட்டையும் அடிச்சு, காதும் குத்தி விட்டுட்டீகளே. இதுக்கு மேல ஏமாத்த என்ன இருக்கு?”

மாப்பிள்ளை மட்டும் காதைத் தடவியபடி, “விடும்மா, வலிக்கல,” என்றார். அதனால்தான் சம்பந்தம் முறியாமல் தப்பியது. ஒரே ஒரு நிபந்தனை: கல்யாணத்துக்கு நான் வரக் கூடாது.

எனக்கு வருத்தமில்லை. நான் யாரையும் மாற்றவில்லை. புதிதாக ஒரு மாப்பிள்ளையைச் செய்து கொடுத்தேன், அவ்வளவுதான். கல்யாணச் சடங்குகளின் வரிசையையும் இங்கிருந்தே எழுதிவிட்டேன். தாலி கட்டுவதைத் தனி வேலையாகப் பிரித்திருக்கிறேன். மணையில் மாலையோடு எந்த இருவர் வந்து உட்கார்ந்தாலும் நடந்துவிடும்.

இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும், அந்த வரிசையை அப்பாவிடம் சேர்த்துவிடுங்கள். என் போனை அவர் எடுப்பதில்லை.