சங்கிலி அறுத்து எடுத்த சாம்பல் வண்டி

என் பெயர் தூன்யா கல்மகோஃப். வயது 57. கணவர் பெயர் லாரன்ஸ். லார்ச் ஃபோர்க் ஊரில், பழைய மர ஆலைக்குப் பின்னால் பச்சைக் கதவு போட்ட வீட்டில் குடியிருந்து வருகிறேன். நீர்வளத் துறைக்காக ஆட்டுக் கணவாயில் பனி அளக்கும் வேலையை ஒப்பந்தத்தில் செய்து வருகிறேன். ரஷ்யாவிலிருந்து வந்து குடியேறிய எங்கள் துகபோர் மதப்பிரிவு மக்கள் எதன் மேலும் கை வைத்துச் சத்தியம் செய்வதில்லை. கேட்டால் உள்ளதைச் சொல்வோம், அவ்வளவுதான். ஆகவே சத்தியம் வாங்காமலே இதைப் பதிவு செய்துகொள்ளும்படி காவலர் தலிவாலிடம் கேட்டுக்கொண்டேன். அவரும் சரி என்றார்.

ஹாஸ்கெட் பனிவண்டிக் கடைக்குச் சொந்தமான சாம்பல் நிற ஓல்சர் வண்டி ஒன்றை நான் திருடிவிட்டதாகக் கடையின் பங்குதாரர் ரோண்டா ஹாஸ்கெட் கொடுத்த புகாரை எனக்குப் படித்துக் காட்டினார்கள். புரிந்துகொண்டேன். என் மேல் திருட்டு வழக்கு பதிவானால் துறை அன்றே ஒப்பந்தத்தை முறித்துவிடும். அதன் பிறகு கணவாயும் இல்லை, வேலையும் இல்லை. அதனால்தான் ஒன்றையும் விடாமல் சொல்கிறேன். வண்டியை எடுத்தது நான்தான். திருடவில்லை.

கணவாய்க்கு மலைப் பனிவண்டி இல்லாமல் போக முடியாது. அங்கே போய்ப் பனியில் குழாயை இறக்கி, ஆழமும் எடையும் பார்த்துவிட்டு வர வேண்டும். என் பழைய வண்டி போன வசந்தத்தில் இன்ஜின் உருகி ஒரேயடியாகப் படுத்துவிட்டது. அதன் பிறகு இலையுதிர் காலம் முழுவதும் எந்தக் கம்பெனி வண்டி வாங்குவது என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் ஓடுவது இரண்டு கம்பெனி வண்டிகள். ஓல்சர் சாம்பல் நிறம், வின்ட்ராக்ஸ் ஊதா நிறம். ஊரில் பெரும்பாலோர் சாம்பல் கட்சி. ஊதாக் கட்சியில் வாரக் கடைசியில் நகரத்திலிருந்து வருகிறவர்கள்தான் அதிகம். எனக்கு வேகமும் வேண்டாம், மினுக்கும் வேண்டாம். கணவாயில் வண்டி நின்றுவிட்டால் கூப்பிட்ட குரலுக்கு ஒரு காக்காய்கூட வராது. கொண்டுபோன ஆளைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும் வண்டி எது என்பது ஒன்றுதான் என் கேள்வி.

ஹாஸ்கெட் கடையில் வின்ட்ராக்ஸ் விற்பவர் ரோண்டாவின் அண்ணன் கார்த் ஹாஸ்கெட். அவரும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். மலையடிவாரத்தில், பாதை முடிந்து பனி தொடங்கும் இடத்தில், எங்கள் பனிவண்டிச் சங்கத்தின் குடிசை இருக்கிறது. அதன் உள்சுவரில் ஒரு வழக்கம் உண்டு. மலையில் யாருடைய வண்டிக்காவது பெல்ட் அறுந்தால், இன்ஜினிலிருந்து, வண்டிக்கு அடியில் சுழலும் டிராக்கை ஓட்டும் ரப்பர் பெல்ட்டைச் சொல்கிறேன், அறுந்ததைக் கொண்டுவந்து, வண்டியின் நிறத்தை அதில் பூசி, சுவரில் ஆணி அடித்து மாட்ட வேண்டும். மற்றவர்கள் கைதட்டிக் கிண்டல் செய்வார்கள். சம்பவத்தன்று, அதாவது நேற்று ஞாயிற்றுக்கிழமை, சங்கத்துச் சாப்பாடு நடந்துகொண்டிருக்கும்போது கார்த் என்னை அந்தச் சுவர் முன்னால் இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினார்.

"அடியே தூன்யா, கண்ணத் தொறந்து பாரு. எத்தன சாம்பல் தொங்குது, எத்தன ஊதா தொங்குது?"

"ஊதா ஒண்ணுகூட இல்லடா."

"அதத்தானே நானும் சொல்றேன்! அறுந்தாத்தானே தொங்கும்!"

 சுவர் பொய் சொல்லுமா என்றுதான் நானும் நினைத்தேன். வண்டி வாங்கும் விண்ணப்பத்தையும் பேனாவையும் அவர் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். பேனாவை வாங்கிக்கொண்டேன், ஆனால் கை வரவில்லை. அதைப் பார்த்துக் கார்த்துக்கு ரோஷம் வந்துவிட்டது.

"நீ யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள பனியே உருகிடும்டி. இப்பவே என் ஊதாவுல கணவாய்க்குப் போயி, உன் அளவுக் கம்பத்துல என் தொப்பிய மாட்டிட்டு வரேன். லாரன்ஸ் வச்ச சூப்பு ஆறறதுக்குள்ள இங்க நிப்பேன். அப்பவாவது கையெழுத்துப் போடுவியா?"

"தொப்பியோட சேந்து நீயும் அங்கேயே தொங்காம வந்தா, போடறேன்."

அதன் பிறகு கார்த் புத்தம் புது வின்ட்ராக்ஸில் தனியாக மேலே போனார். ரேடியோவைத் தன் லாரியிலேயே மறந்துவிட்டுப் போனார் என்பதை நான் பிறகுதான் பார்த்தேன். என் கணவர் வைத்த பீட்ரூட் போர்ஷ்ட் சூப் ஆறியது. திரும்பச் சூடாக்கினோம். திரும்ப ஆறியது. வானம் இருட்டிக்கொண்டு வருவதைப் பார்த்து மற்றவர்கள் வண்டிகளை ஏற்றிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். கார்த் வேறு வழியாக இறங்கிக் கடைக்கே போயிருப்பார் என்று எல்லோரும் சொன்னார்கள். கடைக்குப் போன் போட்டேன், யாரும் எடுக்கவில்லை. மீட்புக் குழுவுக்குப் போட்டேன். அவர்கள் அடுத்த பள்ளத்தாக்கில் கால் உடைந்த ஒருவரை இறக்கிக்கொண்டிருந்தார்கள், இருட்டுவதற்கு முன் வர முடியாது என்றார்கள். கணவாயில் மேகம் இறங்கிவிட்டது.  என்னிடம் வீம்பு பிடித்துத்தான் அந்த மனிதர் போயிருக்கிறார்.

எங்கள் லாரியைத் தவிர அப்போது அங்கே நின்றிருந்தது கார்த்தின் லாரியும் அதன் இழுவை வண்டியும் மட்டும். அதில் ஒரு பழைய சாம்பல் ஓல்சர் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. பழையதைக் கொடுத்துவிட்டு யாரோ புது ஊதா வாங்கிப் போயிருந்தார்கள். அதை "உருட்டுக் கட்ட, அடுப்பெரிக்கத்தான் லாயக்கு" என்று கார்த் காலையில்தான் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்திருந்தார். என் கணவர் தன் லாரியிலிருந்து இரும்பு வெட்டும் கத்தரியை எடுத்துவந்தார். அவருக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை ஆகியிருப்பதால் வண்டி ஓட்டக் கூடாது. சங்கிலியை வெட்டியது நான். வண்டியைக் கிளப்பும் சாவிக் கயிறு கார்த்தின் லாரியில் இருந்தது, அதை எடுத்ததும் நான். லாரி பூட்டியிருக்கவில்லை. எங்கள் ஊரில் யாரும் லாரியைப் பூட்டுவதில்லை.

அனுமதி வாங்கினீர்களா என்று கேட்டதற்கு, அனுமதி கொடுக்க வேண்டிய ஆள் மலை மேல் விறைத்துக்கொண்டிருந்தார், அவரிடம் கேட்கத்தான் போனேன் என்று சொல்கிறேன்.

"பாத்துப் போ. அது நின்னுச்சுன்னா நீயும் மேல மாட்டிக்குவ" என்றார் என் கணவர்.  இழுகயிற்றை இரண்டாம் தரம் இழுத்தவுடன் வண்டி பிடித்துக்கொண்டது. பனிச்சரிவில் புதைந்தால் இடம் காட்டும் கருவி, மண்வெட்டி, சூப் ஊற்றிய பிளாஸ்க் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, எப்போதும் பனி அளக்கப் போகும் அதே காட்டுப் பாதையில் போனேன்.

பாதி ஏற்றத்தில் படார் என்று சத்தம் கேட்டு வண்டி நின்றது. பெல்ட் அறுந்திருந்தது. கெட்ட வார்த்தை ஒன்று சொன்னேன், அது இங்கே தேவையில்லை. அதன் பிறகு பக்கத்து மூடியைக் கையாலேயே கழற்றினேன். மாற்றுப் பெல்ட் உள்ளேயே கிளிப்பில் மாட்டியிருந்தது. கிளட்ச்சை விரித்து அதை மாட்டினேன். கையுறையைக் கழற்றியதால் விரலெல்லாம் மரத்துப் போனது. அறுந்த பெல்ட்டை வழக்கப்படி சுவருக்கென்று என் கோட்டுக்குள் செருகினேன்.

செருகும்போதுதான் எனக்கு உறைத்தது. சுவரில் தொங்கும் ஒவ்வொரு பெல்ட்டும் இப்படித்தான் யாரோ ஒருவர் கோட்டுக்குள் வைத்து வீடு வரைக்கும் கொண்டுவந்தது. வந்து சேராத வண்டியின் பெல்ட் எப்படிச் சுவருக்கு வரும்? ஊதா வண்டி நின்றால் கயிறு கட்டி இழுத்து லாரியில் ஏற்றி நகரத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள், சுவரில் மாட்ட என்ன இருக்கிறது? அது கெட்டுப்போன வண்டிகளின் சுவர் இல்லை, திரும்பி வந்த வண்டிகளின் சுவர். இத்தனை வருஷம் கைதட்டிச் சிரித்தோமே, நாங்கள் எல்லோரும் அடி முட்டாள்கள். இதை மலையில் நின்று வாய்விட்டே சொன்னேன். அதன் பிறகு ஏறி உட்கார்ந்து கயிற்றை இழுத்தேன், முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது.

கணவாயில் என் அளவுக் கம்பத்தின் மேல் கார்த்தின் தொப்பி மாட்டியிருந்தது. சொன்னபடி போய்ச் சேர்ந்திருக்கிறார், அதை மறைக்கக் கூடாது. கம்பத்தின் அடியில் ஊதா வண்டி நின்றது. அதன் முன்னால் பனியில் குழி தோண்டி, காதெல்லாம் வெளுத்துப் போய், வெறுந்தலையோடு கார்த் உட்கார்ந்திருந்தார்.

"தொப்பியப் போட்டுக்கிட்டா என்னடா உனக்கு?"

"எடுத்துட்டா... நான் வந்ததுக்கு ஏது சாட்சி?"

வண்டிக்கு என்ன ஆயிற்று என்று பார்க்கப் போனேன். திரையில் சிவப்பு எழுத்தில், "கோளாறு. அருகிலுள்ள விற்பனையாளரை அணுகவும்" என்று இருந்தது. இன்ஜின் மூடியைத் திறந்தாலும் பயனில்லை, அந்தக் கோளாறை நீக்கக் கடையில் இருக்கும் கணினியைச் செருக வேண்டுமாம். அருகிலுள்ள விற்பனையாளர் எதிரிலேயே மூக்கு ஒழுக உட்கார்ந்திருந்தார். நான் சிரித்ததை ஒப்புக்கொள்கிறேன். ஆள் உயிரோடு இருந்த சந்தோஷமும் அதில் கலந்திருந்தது.

"என்னடா, அணுகிட்டியா?"

"அணுகியாச்சு. அவனுக்கும் ஒண்ணும் தெரியல. சிரிக்காதடி, காது போச்சு."

அதன் பிறகு சூப்பைக் குடிக்க வைத்தேன், தொப்பியைக் கழற்றி அவர் தலையில் மாட்டினேன், என் பின்னால் உட்கார வைத்தேன். பனி கொட்டத் தொடங்கிவிட்டது, வண்டியின் முன் சறுக்குப் பலகைகள்கூடச் சரியாகத் தெரியவில்லை. இருவரையும் சுமந்துகொண்டு அந்த உருட்டுக் கட்டை ஒரு முறைகூடத் திணறாமல் இறங்கியது. வழி நெடுக கார்த் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. காட்டுக்குள் வந்ததும் கத்தினேன்.

குடிசை வாசலில் காவலர் தலிவாலின் ஜீப் நின்றது. செய்தி கேட்டுப் பாதி ஊர் திரும்பி வந்திருந்தது. நான் போன பிறகு இழுவை வண்டியை எடுத்துப் போக வந்த ரோண்டா, அறுந்த சங்கிலியைப் பார்த்திருக்கிறார். என் கணவர் நடந்ததைச் சொல்லியும் நம்பவில்லை. "புது வின்ட்ராக்ஸ் நிக்கவே நிக்காது. எங்கண்ணன் பறந்து வருவான் பாரு. கேக்காம எடுத்தா அதுக்குப் பேரு திருட்டுதான்" என்று சொல்லிப் போலீஸுக்குப் போன் செய்திருக்கிறார். அந்த நேரத்தில்தான் அவருடைய அண்ணன் சாம்பல் வண்டியில் என் முதுகைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். கூட்டம் போட்ட கூச்சலில் குடிசைக் கூரையிலிருந்து பனி சரிந்து விழுந்தது.

அதற்குப் பிறகும் ரோண்டா புகாரைத் திரும்பப் பெற மறுத்துவிட்டார். வண்டிக்கு ஏற்கெனவே அடுத்த ஊரில் ஆள் பார்த்தாயிற்று, பேச்சுக் கெட்டுவிட்டது, கடையின் பெயரும் போச்சு என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"சரிம்மா, அந்த வண்டிய நானே வாங்கிக்கறேன். இப்பவே. அப்புறம் உனக்கென்ன குறை?"

ரோண்டா சரி என்று சொல்லக் கையை நீட்டிவிட்டார். கார்த் அடுப்போரம் போர்வைக்குள் உட்கார்ந்திருந்தவர், அங்கிருந்தே, "அது விக்கறதுக்கில்ல" என்றார்.

"ஏண்ணா? காலையில அத அடுப்பெரிக்கத்தான்னு நீதானே சொன்ன?"

"சொன்னேன். இப்ப அது எனக்கு வேணும். நாளைக்கு அந்த ஊதாவ எடுக்க நான் எதுல மேல போறது?"

 குடிசையில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சாட்சிகள் வேண்டுமென்றால் பாதி ஊர் இருக்கிறது. அறுந்த பெல்ட்டுக்குச் சாம்பல் பூசிச் சுவரில் மாட்டினோம். ஆணியைப் பிடித்தது கார்த், சுத்தியலால் அடித்தது நான். அவர் விரலில் படவில்லை. யாரும் கிண்டல் செய்யவில்லை. கை மட்டும் தட்டினார்கள்.

புதிய வண்டி பற்றிக் கேட்டதற்கு, அடுத்த ஊரில் உள்ள ஓல்சர் கடையில் சொல்லி வைத்துவிட்டேன் என்று சொல்கிறேன். என்னோடு வந்து விலை பேசித் தருவதாகக் கார்த் சொல்லியிருக்கிறார். அந்த வண்டி எப்படி என்று கடைக்காரருக்கே எடுத்துச் சொல்ல அவரைவிட நல்ல ஆள் எனக்குக் கிடைக்க மாட்டார்.

சங்கிலியை வெட்டியது உண்மை. ரோண்டாவுக்குப் புதுச் சங்கிலி வாங்கித் தருகிறேன். கார்த்தின் லாரிக்குள் கை விட்டதும் உண்மை. திருடினேன் என்று எழுதினால் கையெழுத்துப் போட மாட்டேன். "அது விக்கறதுக்கில்ல" என்று கார்த் ஹாஸ்கெட் சொன்னதை மட்டும் அவர் வாயால் சொன்னபடியே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். காவலர் எழுதியதை எனக்குக் காட்டினார், சரியாக இருந்தது.

இதை எனக்கு முழுவதும் படித்துக் காட்டினார்கள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. சத்தியம் செய்யவில்லை. உள்ளது இதுதான்.

(ஒப்பம்) தூன்யா கல்மகோஃப்

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது: காவலர் தலிவால்.
குறிப்பு: இந்த வாக்குமூலம் எழுதி முடிக்கும் முன்பே புகார்தாரர் ரோண்டா ஹாஸ்கெட் நிலையத்துக்கு நேரில் வந்து புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். உடன் வந்த அவர் அண்ணன், சங்கிலி வாங்கித் தர வேண்டாம், அந்த வண்டியை இனிமேல் பூட்டப்போவதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.