ரேஸ் இறங்காத வேன் பற்றி முத்துத்தாய் சொன்னது

முத்துத்தாய், வயது 47, க/பெ சிவனாண்டி, பரவை. தொழில்: வெங்காய வியாபாரம்.

நான் மேற்படி ஊரில் குடியிருந்து, பரவை மார்க்கெட்டில் கடை போட்டு வருகிறேன். கருத்தக்கண்ணன் என்பவர் என் கூடப்பிறந்த தம்பி, காய்கறி ஏற்ற ஒரு பழைய பெட்ரோல் வேன் வைத்திருக்கிறார். நேற்று காலை அவர் ஓட்டி வந்த அந்த வேன் என் கடைக்குள் பாய்ந்ததில் என் இடது கால் எலும்பு முறிந்தது. தம்பி என்னைக் கொல்லத்தான் ஏற்றினான் என்று நான் ஆஸ்பத்திரியில் இருந்தே புகார் கொடுத்தேன். அதன் பேரில் போலீசார் அவரைப் பிடித்து வந்து, இன்று கோர்ட்டில் ஆஜர்படுத்த இருந்தார்கள்.

எங்களுக்குள் இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை. என் மகள் திவ்யாவின் கல்யாணத்தில் தாய்மாமன் மாலை போட வேண்டிய நேரத்தில் அவர் வரவில்லை. அதன் பிறகு என் கொழுந்தனை விட்டு மாலை போடச் செய்தேன். எல்லாம் முடிந்து வந்து நின்றவர், "வண்டி சமயநல்லூர்ல நின்னு போச்சுக்கா, ஆக்ஸிலேட்டர விட்டாலே ஆஃப் ஆகுது" என்றார். "வாய் இல்லாத வண்டி மேல பழியப் போடாதடா" என்று சபையில் வைத்துக் கேட்டேன். அவர் சாப்பிடாமல் போய்விட்டார். அன்றிலிருந்து ஒரே மார்க்கெட்டில் இருந்தும் முகம் பார்ப்பதில்லை.

இன்று காலை புகாரில் இன்னும் நாலு வார்த்தை சேர்க்கலாம் என்றுதான் மாவுக்கட்டோடு ஆட்டோவில் ஸ்டேஷனுக்கு வந்தேன். அப்போது தம்பி, ஆக்ஸிலேட்டர் பெடலில் இருந்து காலை எடுத்த பிறகும் எஞ்சின் வேகம் குறையவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னதால், எஸ்.ஐ. அவர்கள் வாடிப்பட்டி மெக்கானிக் பேயாண்டியை வரவழைத்து, ஸ்டேஷன் வாசலில் வைத்து வண்டியைப் பார்க்கச் சொன்னார்.

பேயாண்டி முன் சீட்டைத் தூக்கிவிட்டு ஸ்டார்ட் செய்தார். எஞ்சின் சத்தமில்லாமல் ஒரே சீராக ஓடியது. ரேஸ் கொடுத்துவிட்டுக் காலை எடுத்தார், எஞ்சின் வேகம் உடனே இறங்கியது. "பாத்தீகளா சார், எம்புட்டு நல்லா ஓடுது! வேணும்னுதான் ஏத்திருக்கான்" என்று நான் சத்தம் போட்டேன். தம்பி வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

அதன் பிறகு பேயாண்டி, எங்காவது காற்று உறிஞ்சினாலும் ரேஸ் இறங்காமல் நிற்கும் என்று சொல்லி, ரப்பர் ஓஸ்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். அதில் குறை இல்லை. ஆக்ஸிலேட்டர் கேபிளுக்கு எண்ணெய் விட்டு இழுத்தார். அதிலும் இல்லை. கடைசியாக எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு பெடலை முழுவதும் மிதித்துவிட்டுக் காலை எடுத்தார். எஞ்சின் வீறிட்டது, இறங்கவே இல்லை. சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தவர், "யக்கா, இங்க வாங்க" என்றார்.

எஞ்சினுக்குக் காற்று விடும் தகட்டை இழுக்கும் சிறிய கைப்பிடிக்குக் கீழே ஒரு கறுப்புக் கயிறு சிக்கியிருந்ததால், தகடு மூடவில்லை. அந்தக் கயிற்றை நான் அடையாளம் கண்டுகொண்டேன். தம்பி வேன் வாங்கி கோயிலில் பூஜை போட்ட அன்று, வெளியே கட்டினால் கண்ணேறு படும் என்று, சீட்டைத் தூக்கி நான்தான் உள்ளே கம்பியில் கட்டினேன். மூன்று முடிச்சும் நான் போட்டது.

பேயாண்டி என்னிடம் சொன்னது: "ஆஃப் ஆகுது ஆஃப் ஆகுதுன்டு போன வாரந்தான் கொண்டாந்தாரு, யக்கா. கல்யாணத்தன்னைக்கு நின்டதும் இதே சீக்குதான், உள்ள அம்புட்டும் கரி. சுத்தம் பண்றப்ப அந்தக் கயித்த அத்துப் போட்டுர்றேன்னேன். 'எங்க அக்கா கட்டுனது, கை வச்சேன்னா கைய ஒடிச்சுருவேன்'னு சண்டைக்கு வந்துட்டாரு. நானும் ஓரமா ஒதுக்கி விட்டுட்டேன். அதான் நழுவி வந்து மாட்டிருக்கு."

பேச்சில்லாத இரண்டு வருடமும் அந்தக் கயிறு வண்டியில் இருந்திருக்கிறது. அடப்பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று அவர் முதுகில் ஒரு அடி வைத்தேன். இதை ஏட்டு அவர்களும் பார்த்தார். தம்பி அழுதுகொண்டே, "கால் எப்படிக்கா இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

எனவே தம்பி வேண்டுமென்று ஏற்றினார் என்று நேற்று நான் சொன்னது தவறு. கோபத்தில் சொன்னது. என்னை யாரும் மிரட்டவில்லை, என்னை மிரட்டுகிற ஆள் இனிமேல்தான் பிறக்க வேண்டும். அந்தக் கயிற்றைச் சாட்சிப் பொருளாக நீங்களே வைத்துக்கொள்ளலாம், திருப்பித் தர வேண்டியதில்லை. வாசல் கடையில் புதுக் கயிறு வாங்கச் சொல்லியிருக்கிறேன். அதை இந்தத் தடவை வண்டியில் கட்டமாட்டேன், அவர் கையில்தான் கட்டுவேன். கோர்ட்டுக்குக் கூட்டிப் போவதற்கு முன்னால் அதற்கு மட்டும் அனுமதிக்க வேண்டும்.

வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) சி. முத்துத்தாய்