சனிக்கிழமை வாடிக்கையாளர்

— காடிய இன்னும் கொஞ்சம் வேகமா ஓட்டு புவன். நாலு மணிக்கு அப்பாவ எடுத்துருவாங்கன்னு அம்மா சொன்னாங்க.

— மக வராம மாமாவ எடுக்க மாட்டாங்க லா. கோலா கெட்டில் டவுனத் தாண்டியாச்சு. தண்ணியக் குடி ரூபி, கம்போடியாவுல பிளேன் ஏறுனதுலேருந்து பச்சத் தண்ணி குடிக்கல நீ.

— ரெண்டு வருஷம். எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல அவரு. கெளம்புறப்ப கால்ல விழுந்தேன், மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு.

— கோவம் லா. ‘பாலிங் எஸ்டேட்டுல நம்ம பிள்ளைங்க வேலை இல்லாம நிக்குதுங்க. இவ சம்பளம் வாங்காம ஊரான் பிள்ளைக்குத் தொழில் சொல்லிக்குடுக்கப் போறா’ன்னு கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் பொலம்புவாரு.

— ஆனா என் கிளாஸ் பிள்ளைங்ககிட்ட மட்டும் சனிக்கிழமை தவறாம போன்ல பேசினாரே!

— நீதான கேட்ட? நெசமான கடைக்காரர் வேணும், எத வித்தாலும் வேணாம்னு சொல்லி அவங்கள விக்கப் பழக்கணும்னு. வேணாம்னு சொல்றதுக்கு மாமாவ விட்டா ஆளு ஏது?

— சிரிக்க வைக்காத. ‘நோ குட் லா! டூ எக்ஸ்பென்சிவ் லா!’ன்னு கத்துவாராம். தேன் விக்கப் போன பையன் அழுதுக்கிட்டு வெளிய வந்தான். மறுவாரம் அவன்தான் முதல் ஆளா உள்ள போய் உக்காந்தான்.

— நீ கூட இருக்க மாட்டியா?

— கூடாது. டீச்சர் இருந்தா டீச்சர் முகத்தப் பாத்தே பேசுவாங்க, வாங்கறவர் சொல்றது காதுல விழாது. அதனால கதவச் சாத்திட்டு வெளிய நிப்பேன். உள்ள போன்ல எங்கப்பா பேசிக்கிட்டிருக்காரு, அந்த நெனப்பே போதும் எனக்கு. என்ன, காடிய மெதுவாக்கிட்ட?

— முன்னால லோரி போகுது.

— போன சனிக்கிழமை என்னாச்சு தெரியுமா? தாவின்னு ஒரு பொண்ணு, அவங்கம்மா பின்னுன கோரைப்பாய அப்பாகிட்ட வித்துட்டா! ‘ஓகே, ஐ பை’ன்னாராம். கிளாஸே எழுந்து குதிச்சுது.

— நல்ல பாயா இருக்கும்.

— பாய் மட்டுமா? ‘உங்க டீச்சர் செய்யறது நல்ல வேலை, அங்கேயே இருந்து முடிக்கச் சொல்லு’ன்னு சொன்னாராம். தாவி ஓடி வந்து சொன்னா. தரையில உக்காந்து அழுதேன் புவன்.

— ம்.

— உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. பக்கத்து ஊர்ல எங்க மாதிரியே ரெண்டாவது பயிற்சி சென்டர் திறக்கறாங்க. இன்னும் ரெண்டு வருஷம் இருந்து நடத்தச் சொல்லிக் கேட்டாங்க. தை மாசம் நமக்குக் கல்யாணம், முடியாதுன்னேன். பிள்ளைங்க எல்லாம் ஒரே அழுகை.

— பாய் வித்த அந்தப் பொண்ணும் அழுதுச்சு போல.

— அப்பாவே இருன்னு சொன்னதுக்கு அப்புறம் எப்படி மாட்டேங்கறது? திங்கக்கிழமை சரின்னுட்டேன். கோவமா?

— இல்ல. மண்டபத்துக்காரர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்.

— அவரு வாயத் தொறக்காம இருந்திருந்தா நான் உங்கிட்ட வந்திருப்பேன் புவன். சத்தியமா.

— பின்சீட்டுல நீட்டி வச்சிருக்கியே, அதுதான் பாயா?

— ஆமா. பெட்டிக்குள்ள அப்பாவுக்குக் கீழ இதத்தான் விரிக்கப் போறேன். அவரு வாங்கின கடைசிச் சாமான். என்ன மன்னிச்சாருங்கறதுக்கு எங்கிட்ட வேற எதுவும் இல்ல.

— ரூபி, காடிய ஓரமா நிறுத்தறேன்.

— ஏன்? அதோ மலை தெரியுது, பாலிங் வந்தாச்சே.

— வீட்டுக்குள்ள போனா அத்தை சொல்லிருவாங்க. முதல்ல நான் சொல்லிடறேன். தீபாவளி முடிஞ்ச வாரம் மாமாவுக்கு ஸ்ட்ரோக் வந்துச்சு. வாய்ப்பேச்சு போயிருச்சு. உனக்கு போன் பண்ணப் போனேன், கையப் புடிச்சிக்கிட்டாரு. தலைய ஆட்டி வேணாம்னாரு.

— என்ன பேசற நீ? அப்ப சனிக்கிழமை சனிக்கிழமை என் பிள்ளைங்ககிட்ட...

— போன் அடிச்சா என் மூஞ்சியவே பாப்பாரு. அவருக்குப் பதிலா நான் எடுக்காம எப்படி லா இருக்க முடியும்?

— புவன், ‘அங்கேயே இருந்து முடிக்கச் சொல்லு’ன்னது?

— அந்தப் பாய மாமாவுக்கு விரிக்காத ரூபி. அத வாங்கினவன் நான்.