முப்பத்தெட்டாம் எண் வீட்டு ஓரக்கல்

காரை எங்கே நிறுத்தினீர்கள், மேடம்? மூலை திரும்பி, அந்த மூடிக் கிடக்கிற மதுக்கடைக்குப் பக்கத்திலா? சொல்லியிருந்தால் என் வாசலிலேயே விட்டிருக்கலாம். இடம் சும்மாதான் கிடக்கிறது. நான் அதில் வண்டி நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது.

நீங்கள் மரண விசாரணை அலுவலகத்திலிருந்து ஒரே ஒரு கேள்வியோடு வந்திருக்கிறீர்கள். பக்கத்து நாற்பதாம் எண் வீட்டு ஆப்ரி டிரான்டர், எழுபத்தொரு வயது, ஜனவரி பதினான்காம் தேதி காலையில் தன் காருக்குள்ளேயே இறந்து போனார். அவரை முதலில் பார்த்தவன் நான். எத்தனை மணிக்குப் பார்த்தேன் என்று கேட்கிறீர்கள். போலீஸ்காரரிடம் ஒன்பது முப்பத்தொன்று என்றேன். அது நான் ஆம்புலன்சுக்கு போன் செய்த நேரம். பார்த்த நேரம் வேறு. அதைச் சொல்ல வேண்டுமானால் ஓரக்கல்லிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பிஸ்கட் எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு முன் தோட்டத்தைக் கொத்திக் கல் பாவிவிட்டால் மட்டும் கார் உள்ளே வந்துவிடாது. நடைபாதையின் ஓரக்கல்லைச் சாய்வாக இறக்கிக் கட்ட வேண்டும். அதற்கு நகராட்சி அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் நடைபாதையில் வண்டியை ஏற்றினால் உங்களுக்கு அபராதம். அனுமதியோடு இறக்கிவிட்டால், அதற்கு முன்னால் வண்டி நிறுத்துகிறவனுக்கு அபராதம். கல் ஒரு நாலு விரல் தாழ்ந்தால் போதும், பொதுச் சாலையில் ஒரு துண்டு உங்கள் பக்கம் வந்துவிடும். என் அப்பா சந்தைக் கூடத்தில் நாற்பது வருஷம் திரைச்சீலைத் துணி விற்றவர். நான் அந்த மேசைக்கு அடியில் தவழ்ந்து, மேசைக்குப் பின்னால் தலை நரைத்தவன். இப்படி ஒரு சரக்கு இருப்பது அப்பாவுக்குத் தெரிந்திருந்தால் துணியைச் சுருட்டி வைத்துவிட்டு ஓரக்கல் வாங்கப் போயிருப்பார்.

எனக்கு அது தேவையா என்றால், இல்லை. எதிர்வரிசையில் ஒன்பது வீட்டில் ஏழு வீடு இறக்கிவிட்டது. அவ்வளவுதான் காரணம். அவர்கள் இறக்க இறக்கத் தெருவில் இடம் குறைந்து, நான் மூலை திரும்பிப் போய் நிறுத்த வேண்டியிருந்தது. அங்கிருந்து வீட்டுக்கு நூற்றுப்பத்து அடி. நடந்து எண்ணியிருக்கிறேன். மழை நாளில் எனக்கு அது எரிச்சலாக இருந்தது. என் மனைவி பெரில்கூடச் சொன்னாள், "நம்ம வண்டிக்குப் பதினோரு வயசாச்சு கிளிஃப், அதுக்குப் போய் வாசல்ல கொலு வைக்கணுமா? எவனாவது தூக்கிட்டுப் போனா நமக்கு நல்லதுதான்."

நான் விண்ணப்பித்தேன். நகராட்சியிலிருந்து ஒரு சின்னப் பெண், மிஸ் ஓக்டன், அளவு நாடாவோடு வந்தாள். முன்வாசல் நாலு மீட்டர் எண்பது சென்டிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும் என்றாள். என்னுடையது நாலு எண்பத்தைந்து. ஐந்து சென்டிமீட்டர் லாபம் என்று நான் சந்தோஷப்படுவதற்குள் அவள் சாலையைப் பார்த்தாள். சாலையில் வெள்ளைக் கட்டம், நடுவே சக்கர நாற்காலிப் படம்.

"இது யாரோடதுங்க?"

"பக்கத்து வீட்டு ஆப்ரியோடது. அவர் வாசல்ல விளக்குக் கம்பம் இருக்கு, அதனால பாதிய இந்தப் பக்கம் தள்ளிப் போட்டாங்க."

"அப்ப முடியாதுங்க சார். அவர்கிட்ட நடக்க முடியாதவங்களுக்குக் குடுக்கற நீல அட்டை இருக்கற வரைக்கும் அந்தக் கட்டத்துல கை வைக்க மாட்டோம்." நாடாவைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள், "அவர் வீடு மாறினாலோ, அட்டை இல்லாமப் போனாலோ மறுபடி எழுதிப் போடுங்க."

அந்தப் பெண் மரியாதைக்குச் சொல்லிவிட்டுப் போனாள். ஆனால் பேரத்தில் 'முடியாது' என்பது முக்கியமே இல்லை, மேடம். அதற்குப் பிறகு வாய் தவறி வருகிறதே, அதைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஆப்ரிக்கு முப்பது வருஷம் இரும்பு வார்ப்படச் சாலையில் வேலை. மணல் தூசி. "நுரையீரல்ல பாதிய அங்கயே விட்டுட்டு வந்துட்டேன்யா. கேட்டா, தொலைஞ்ச பொருள் பிரிவுல விசாரிங்கங்கறான்" என்பார். நல்ல நாளில் வாயைத் திறந்தால் மூடமாட்டார். கெட்ட நாளில் கதவைத் திறந்து பால் புட்டியை எடுப்பதற்குள் இரண்டு முறை நிற்பார். எட்டு வருஷத்துக்கு முன் அந்தக் கட்டம் போட வந்தபோது ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்துப் போட்டவன் நான்தான். பக்கத்துப் பக்கத்தில் இருபத்தாறு வருஷம் இருந்தோம். சண்டை என்று ஒன்று வந்ததே இல்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள், அது உண்மை.

மே மாதம், ஒரு நல்ல நாள். ஆப்ரி வேலியோரம் நின்று பெரிலிடம் ஏதோ கேலி பேசிக்கொண்டிருந்தார். நான் காரின் பின்பெட்டியில் இரண்டு மூட்டை உரமண் வாங்கி வைத்திருந்தேன். பெரில் உள்ளே போனதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்னய்யா ஆச்சு?"

"முதுகு பிடிச்சுக்கிச்சு ஆப்ரி. இந்த ஒரு மூட்டைய மட்டும்..."

"நகருய்யா கிழவா. துணி மடிச்ச கைக்கு மூட்டை கேக்குதா?"

அவர் என்னைவிட ஒரு வயது மூத்தவர். மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுப் பதினோரு எட்டு நடந்து, என் கதவருகே இறக்கி வைத்துவிட்டு, நிமிர்ந்து, சந்தைக் கூலியாள் போலத் தொப்பி இல்லாத தலைக்குச் சலாம் வைத்தார். என் கைபேசி ஜன்னல் விளிம்பில், வலைத் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. காலையிலேயே வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவர் என் மதில்மேல் ஒன்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தார். உதடு சாம்பல் நிறமாகிவிட்டது. நான் தேநீர் போட்டுக் கொடுத்தேன், முதுகைத் தடவியும் விட்டேன். அந்த ஒன்பது நிமிஷமும் படத்தில் இருந்தது. நான் துணிக்காரன், மேடம். கறை இருக்கிற இடத்தை விட்டு வெட்டத் தெரியும். சலாம் வைத்த இடத்தில் வெட்டினேன். நகராட்சியின் இணையதளத்தில் அட்டையை முறைகேடாக வைத்திருப்பவர்களைப் பற்றிச் சொல்ல ஒரு பக்கம் இருக்கிறது, பெயர் கேட்பதில்லை. அங்கே அனுப்பினேன். இருபத்திரண்டு வினாடிதான்.

படம் மட்டும் போதாது என்று எனக்குத் தெரியும். ஆனால் ஆப்ரியையும் தெரியும். நகராட்சியில் அவரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். திரும்பி வந்து வேலிக்கு மேலே சொன்னார்:

"ஒரு பொண்ணுய்யா. எப்படி இருக்கீங்கன்னு கேட்டுச்சு. மோசமில்லன்னேன்."

"அப்புறம்?"

"நடக்கறது எப்படின்னு கேட்டுச்சு. குறை சொல்லக் கூடாதுன்னேன். வேற என்னத்தச் சொல்றது? முன்ன பின்ன தெரியாத பொண்ணுகிட்டப் போய் மூக்கால அழச் சொல்றியா?"

"அழ முடியாதுதான்" என்றேன். நம் ஊரில் கால் துண்டாகிக் கிடப்பவனும் அப்படித்தான் சொல்வான். நான் அதை நம்பித்தான் இறங்கியிருந்தேன்.

அட்டை போயிற்று. மறுபரிசீலனைக்கு எழுதலாம், தெரிந்தவர் ஒருவர் கடிதம் கொடுக்கலாம் என்று அவருக்குத் தாள் வந்தது. அவர் யாரிடம் வருவார்? என்னிடம்தான் வந்தார். இதோ, நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலியில்தான் உட்கார்ந்தார்.

"உனக்குத்தான் வாய் இருக்குய்யா கிளிஃப். ரெண்டு வரி நல்லா எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தேன். நான் எழுதியவற்றில் அதுதான் சிறந்தது. யாருக்கும் பாரமாக இருக்க விரும்பாதவர், தன் வலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவர், இந்த வயதிலும் அண்டை வீட்டுக்காரனுக்கு ஒரு கஷ்டம் என்றால் முதலில் ஓடி வந்து சுமையைத் தூக்குகிறவர் என்று எழுதினேன். ஒரு பொய் இல்லை. ஆப்ரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு இரண்டாவது முறை படித்தார்.

"செத்தப்புறம் படிக்க வேண்டியதய்யா இது" என்றார். "நீ இப்படியெல்லாம் நினைச்சிட்டிருக்கேன்னு எனக்குத் தெரியாது."

அவரே தபாலில் போட்டார். முடிவு மாறவில்லை. கடிதத்திலிருந்து ஒரு வரியை எடுத்துக் காட்டியே பதில் எழுதியிருந்தார்கள். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசுவதற்கு மன்னிக்க வேண்டும். இந்த இடத்தில் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

ஆகஸ்டில் ஒரு வண்டி வந்து கட்டத்தின் வெள்ளைக் கோட்டைச் சுட்டு எடுத்தது. செப்டம்பரில் என் ஓரக்கல் இறங்கியது. இரண்டு ஆட்கள், ஒரே நாள் வேலை. பழைய கல்லைப் பெயர்த்து, சாய்வுக் கல் பதித்து, தார் பூசிவிட்டுப் போனார்கள். ஆப்ரி வாசலில் நின்று முழுக்கப் பார்த்தார். அவர்களுக்குத் தேநீர் கொடுத்தது நான் இல்லை, அவர். "நல்லா பண்ணிருக்கானுங்கய்யா. கண்ணாடி மாதிரி இருக்கு. இப்ப நீ பெரிய வீட்டு ஆளு, எங்ககூடல்லாம் பேசுவியா?" என்றார். அன்று மாலை என் காரை உள்ளே ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, நாலு முறை ஓட்டிப் பார்த்தேன்.

அன்றிலிருந்து அவர் காரை மூலை திரும்பி நிறுத்தினார். நூற்றுப்பத்து அடி. மஞ்சள் மதில் ஒன்று இருக்கிறதே, அதில் ஒருமுறை, எங்கள் வேலிக் கம்பத்தில் ஒருமுறை நிற்பார். என் சமையலறையிலிருந்து தெரியாது. முன்னறையிலிருந்து தெரியும். நான் முன்னறைத் திரையை மாற்றினேன், கொஞ்சம் கனமான துணியாக. தேவைப்பட்டால் என் வாசலுக்கு முன்னால் நிறுத்திக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வீட்டுக்காரன் சம்மதித்தால் யாருக்கும் அபராதம் கிடையாது. பலமுறை நாக்கு நுனிவரை வந்தது. சொன்னதாகவே ஒரு நினைப்பு எனக்கு ரொம்ப நாள் இருந்தது.

ஜனவரி பதினான்கு. கண்ணாடியெல்லாம் உறைபனி. பெரில் நீச்சல் குளத்துக்குப் போயிருந்தாள். ஒன்பது மணி அடித்துச் சில நிமிஷம் இருக்கும், வெளியே இயந்திரச் சத்தம் கேட்டுத் திரையை விலக்கினேன். ஆப்ரியின் நீலக் கார், சரியாக என் ஓரக்கல்லுக்குக் குறுக்கே, பழைய கட்டம் இருந்த இடத்திலேயே நின்றது. அவர் உள்ளே இருந்தார். இறங்கவில்லை.

எனக்கு அன்று எங்கேயும் போக வேண்டியதில்லை. இருந்தும் நகராட்சிக்கு போன் போட்டேன். ஆட்களுக்குப் பதில் ஒரு பதிவுக் குரல் பேசியது: நீங்கள் வரிசையில் ஏழாவது.

ஒன்பது பத்துக்கு அவர் ஹாரன் அடித்தார். இந்தத் தெருவில் யாரும் ஹாரன் அடிப்பதில்லை, மேடம். ஆப்ரி அடித்து இருபத்தாறு வருஷத்தில் நான் கேட்டதில்லை. முதல் தடவை, திமிர் என்று நினைத்தேன். இரண்டாவது தடவை அவர் தலையைத் திருப்பி என் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே அடித்தார். ஒரு கை நெஞ்சுச் சட்டையைப் பிடித்திருந்தது. வாய் திறந்திருந்தது. நான் திரைக்குப் பின்னால் நின்றிருந்தேன். அப்போது தெரிந்துவிட்டது. தெரியவில்லை என்று போலீஸ்காரரிடம் சொன்னேன். தெரிந்துவிட்டது.

அந்த நேரத்தில் நான் வரிசையில் நான்காவதாக வந்திருந்தேன். போனை வைத்தால் இடம் போய்விடும், மறுபடி கடைசியிலிருந்து. என் மனதில் ஓடியது அதுதான். வேறு எதுவும் ஓடவில்லை. பெரிலின் கைபேசி மேசைமேல் சார்ஜில் இருந்தது. என் கைக்கும் அதற்கும் நடுவில் ஒரு நாற்காலி. மூன்றாவது ஆனேன். இரண்டாவது ஆனேன். ஹாரன் மூன்றாம் தடவை கேட்டது, கை தவறிப் பட்ட மாதிரி, சின்னதாக.

ஒன்பது இருபத்தெட்டுக்கு ஒரு பெண் எடுத்தாள். பயிற்சிக்காகப் பதிவு செய்வார்களாம், நீங்கள் வரவழைத்துக் கேட்கலாம். நான் நிதானமாகத்தான் பேசினேன். என் வாசலை ஒரு கார் மறித்து நிற்கிறது என்றேன். எண் கேட்டாள், படித்துச் சொன்னேன். பிறகு அவள் கேட்டாள்:

"வண்டிக்குள்ள யாராச்சும் இருக்காங்களா சார்? இருந்தா நீங்களே போய் நகத்தச் சொல்லிடலாமே."

திரையை இன்னும் கொஞ்சம் விலக்கிப் பார்த்தேன். தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது. கண்ணாடியில் மூச்சின் ஆவி படியவில்லை.

பெரிலுக்கு நான் சொல்லவில்லை. போன வாரம் என் கைபேசியில் வெட்டாத படத்தை அவளே பார்த்தாள், ஒன்பது நிமிஷமும். இரவுச் சாப்பாட்டை அடுப்பில் மூடி வைத்துவிட்டு அக்கா வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. அதனால் இதை நான் யாரிடமும் சொல்லிப் பார்த்ததில்லை, வார்த்தை முன்பின்னாக இருந்தால் நீங்கள் சரி செய்துகொள்ளுங்கள்.

போனில் கேட்ட அந்தப் பெண்ணிடம், உள்ளே யாரும் இல்லை என்றேன். அது பொய் என்று எழுதிவிடாதீர்கள், மேடம். அந்த நேரத்துக்கு அது சரியாகத்தான் இருந்திருக்கும். எதற்கும் சரியாக இருக்கட்டுமே என்று இன்னும் மூன்று நிமிஷம் பார்த்துவிட்டுத்தான் ஆம்புலன்சைக் கூப்பிட்டேன்.