அப்பா கேட்ட கடைசிச் சத்தம்

ஓடுகிறோம். வெறுங்கால். முன்னால் அம்மா. பின்னால் அண்ணி, இடுப்பில் மூன்று வயது மகள். அண்ணன் கட்டாரில் வேலை. எங்கள் ஊர் சம்பூர். 2006, சித்திரை. வானத்தில் கிபிர், குண்டு போடும் விமானம். முதல் குண்டு வயல் பக்கம் விழுந்தது. நிலம் தூக்கிப் போட்டது.

"பங்கருக்குள்ள இறங்குங்கோ!" அப்பா கத்தினார்.

அவர் சொன்னால் இறங்குவோம். அப்பாவுக்கு எண்பத்திரண்டு வயது. வெள்ளைக்காரன் காலத்தில் விரிகுடாவின் அக்கரையில் இருக்கும் விமானத்தளத்தில் வேலை செய்தவர். ஓடுபாதைக்குக் கல் சுமந்தார். பிறகு சீருடை கொடுத்தார்கள். விமானங்களுக்குப் பெற்றோல் நிரப்பினார். யப்பான்காரன் குண்டு போட்ட அன்று பதுங்குகுழியில் கிடந்து பிழைத்தார். அன்றிலிருந்து சத்தத்தை வைத்தே சொல்வார், எது ஏறுகிறது, எது இறங்குகிறது என்று. அந்த ஓடுபாதை அவருக்கு "என்ர பாதை". ஊரே அவர் காதை நம்பியது.

பங்கருக்குள் இருக்கிறோம். புழுக்கம். பிள்ளை தண்ணீர் கேட்டு அழுகிறாள். மறுபடி சத்தம். அக்கரைப் பக்கம் போகிறது. தணிகிறது. அப்பா தலையை வெளியே நீட்டிக் கேட்கிறார்.

"இனிப் பயமில்லை. அது என்ர பாதையில இறங்குது. வெளியில வாங்கோ."

"வடிவாத் தெரியுமோ அப்பா?" நான் கேட்டேன்.

"ஓம் பிள்ளை. எனக்குத் தெரியாத சத்தமே?"

அம்மா ஏறினார். அண்ணி பிள்ளையோடு அவருக்குப் பின்னால் கிணற்றடிக்குப் போனாள். நான் பாயைச் சுருட்டக் குனிந்தேன்.

அது இறங்கவில்லை. வட்டமடித்துத் திரும்பியது. ஒரு கூவல். பிறகு இடி. பிறகு காதுக்குள் இரைச்சல் மட்டும்.

நான் ஏறி வந்தபோது அப்பா கிணற்றடியில் நின்றார். "அது இறங்கினது. நான் கேட்டனான்." திரும்பத் திரும்ப அதையே சொன்னார். நான் அவரைப் பிடித்துத் தள்ளினேன்.

"இனிக் கதைக்காதையுங்கோ!"

அவர் கதைக்கவில்லை. அடுத்த வருடம், கார்த்திகை மழையில், கிளிவெட்டி அகதி முகாமில் செத்துப்போனார். எங்களை ஏமாற்றியவர் என்றே அதுவரை அவரை நினைத்திருந்தேன். அவரை ஏமாற்றியது அவர் கல் சுமந்த அந்தப் பாதைதான் என்று விளங்க எனக்கு வருடங்கள் எடுத்தன.

இப்போது அக்கரையில், லிங்கநகரில் இருக்கிறேன். போன மாதம் விமானத்தளத்து வாசலுக்குப் போனேன். அந்தக் காலத்தில் கல் சுமந்தவர்களின் பெயர்கள் எங்காவது இருக்கின்றனவா என்று கேட்டேன்.

"அப்பிடி ஒரு பேரும் இல்லையம்மா," என்றார் காவலாளி.

ஆகவே, விபரம் எடுக்க வந்த உங்களுக்கு நான் சொல்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள். கிணற்றடியில் அம்மா, அண்ணி, பிள்ளை. முகாமில் அப்பா. நான்கு பேர். வீடு ஒன்று. எருமை ஐந்து. அப்பாவை நான் அப்பா என்று கூப்பிடாத மாதங்கள், பத்தொன்பது.