சாமியார்களுக்கு மார்க் போடுகிறவள்

மந்தாரக்குப்பத்தில் பஸ் கிளம்பியதுமே பின்சீட்டிலிருந்து அந்தக் குரல் கேட்டது. சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து வந்த காக்கிச் சட்டைக்காரர், குறிஞ்சிப்பாடிக்கு டிக்கெட் எடுத்த பக்கத்து சீட்டுக்காரரிடம் சொன்னார்:

"எம் பொண்ணு பாஸ் போட்டாத்தான் அவங்க சாமியாரே ஆவ முடியும்."

"யாருங்க?"

"ஃபாதருக்குப் படிக்கிறவங்க. கத்தோலிக்க யுனிவர்சிட்டில அவங்களுக்கு திருச்சபை வரலாறு நடத்துறா."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. காதை மட்டும் அங்கேயே வைத்திருந்தேன்.

"நீங்க நெத்தி நெறைய விபூதி வச்சிக்கினு இருக்கீங்களே?"

"நாங்க மாரியாத்தா கும்புடுறவங்கதாங்க. 'எந்த ராஜா எப்ப சண்ட போட்டான்னு படிக்கிற மாதிரிதாம்பா இதுவும்'னு சொல்லிட்டா."

"அவங்களுக்கே சொல்லிக் குடுக்குதா!"

"போன வாரம் ஒருத்தர ஃபெயில் பண்ணிட்டா. அவரு வந்து அழுதுட்டாராம். ரெண்டு நாளா போன்ல இவ கொரலே சரியில்ல. மனசு கேக்காம மாதா கோயிலுக்குப் போயி மெழுகுவத்தி ஏத்திட்டு வந்தேன்."

"அவரு பாஸாவணும்னா?"

"அது படிச்சா ஆயிடுவாரு. இவ மனசு எறங்கி மார்க்க மாத்திடக் கூடாதுன்னு."