மூன்றாவது ரீல்

பழைய ஃபிலிம் கெட்டுப்போனால் புளித்த காடி வாசனை வரும் என்பார்கள். அது பிற்காலத்து ஃபிலிம். எங்களுடையதில் ஈரக் காலுறையின் வாசனைதான் வரும். அந்த வித்தியாசத்தை எனக்குச் சொன்னது மாதுமைதான். நல்ல பெண். கோலாலம்பூரிலிருந்து பழைய படங்களைப் பாதுகாக்க வந்தவள். இன்ஸ்பெக்டர் புனிதா அவர்களே, அவள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் சவரிமுத்து. எழுபத்தெட்டு வயது. இப்போது சிலிபினில் தனியாக இருக்கிறேன். முன்பு பீடோருக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் உபதேசியாராக இருந்தேன். தோட்டம் இன்று எண்ணெய் எடுக்கும் செம்பனையாகிவிட்டது. சிற்றாலயம் மட்டும் நிற்கிறது. அதன் பின்னறைச் சாவி என்னிடம்தான் இருந்தது.

அந்த அறையில் மூன்று டின்கள். வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் விட்டுப்போன ஊமைப்படம். இப்தாவின் மகள் கதை. போரில் வென்றால் வீட்டிலிருந்து முதலில் எதிரே வருவதைக் கடவுளுக்குப் பலியிடுகிறேன் என்று இப்தா வாக்குக் கொடுக்கிறான். வென்று திரும்புகிறான். முதலில் ஓடி வருவது அவனுடைய ஒரே மகள்.

ஒவ்வொரு தவக்காலத்திலும் படம் போடுவோம். தோட்டத்துப் பால்மரத் தொழிலாளி சன்னாசி புரொஜெக்டரின் கைப்பிடியைச் சுற்றுவான். நான் திரைக்குப் பக்கத்தில் நின்று எல்லாருக்கும் குரல் கொடுப்பேன். இடையிடையே வரும் ஆங்கில எழுத்துகளைத் தோட்டத்தில் யாருக்கும் படிக்கத் தெரியாது. மூன்றாவது ரீலில் மகள் தகப்பன் காலைக் கட்டிக்கொண்டு வாயசைப்பாள். நான் சொல்வேன்: "அப்பா, கொடுத்த வாக்கைக் காப்பாத்துங்க. எனக்குச் சம்மதம்." பெண்கள் அழுவார்கள். இந்து வீடுகளிலிருந்து வந்தவர்களும் அழுவார்கள்.

வேதத்திலும் அவள் சம்மதிக்கத்தான் செய்கிறாள். நீதித்தலைவர்கள், பதினோராம் அதிகாரம். நீங்களே எடுத்துப் பார்க்கலாம்.

எனக்கும் ஒரு மகள். புஷ்பலதா. என் மனைவி காய்ச்சலில் கிடந்தபோது தோட்டத்துக் கங்காணியான மண்டோர்தான் மேனேஜர் காரைக் கேட்டு வாங்கி தாப்பா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அவள் பிழைத்தாள். என் வீட்டில் எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று அவர் கையைப் பிடித்துச் சொன்னேன். இரண்டு வருஷம் கழித்து அவர் கேட்டார். அவருக்கு நாற்பத்தொன்று, மனைவி இல்லை. புஷ்பலதாவுக்குப் பதினேழு.

அவள் கான்வென்டில் படித்தவள். ஆங்கிலம் வரும். கல்யாணத்துக்கு முந்தின வாரம் அவள் மூன்றாவது ரீலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அப்பா, அந்தப் பொண்ணு சம்மதம்னு சொல்லல. என்னை விட்டுடுங்க, எனக்கு வாழணும்னுதான் போட்டிருக்கு. நீங்க ஏன் மாத்திச் சொல்றீங்க?"

படமெடுத்தவன் தப்பாக எழுதியிருக்கிறான் என்று விளக்கினேன். அவள் பிறகு ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருப்பதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். கல்யாணம் நடந்தது. அவர் அவளையும் கூட்டிக்கொண்டு ஹுத்தான் மெலிந்தாங் பக்கம் வேறு தோட்டத்துக்கு மாற்றலாகிப் போனார். அடுத்த வருஷம் புஷ்பலதா அங்கே ஆற்றில் தவறி விழுந்து செத்துப்போனாள். அப்படித்தான் எழுதிக் கொடுத்தார்கள்.

இந்த வருஷம் மாதுமை வந்தாள். தோட்டத்து ஆட்களை எல்லாம் திரும்பக் கூப்பிட்டு, தமிழ் எழுத்தோடு படத்தைத் திரையிடப்போவதாகச் சொன்னாள். மண்டோர் வீட்டார், என் மனைவியின் அண்ணன் தம்பிகள், சன்னாசி எல்லாரும் வருவார்கள். மூன்றாவது ரீலில் மட்டும் என் வசனத்தைப் போடச் சொல்லி மூன்று தடவை கேட்டேன்.

"அங்கிள், படத்துல இருக்குறத மாத்த முடியாதுலா. நீங்க பேசுனத தனியா ரெக்கார்ட் பண்ணிப் போடலாம். ரெண்டையும் ஜனங்க பாக்கட்டும்."

நியாயமான பதில்தான். எனக்குத்தான் அது போதவில்லை.

இந்த வகை ஃபிலிம் பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள்ளும் எரியும் என்று அவள்தான் எச்சரித்தாள். அதனால் கவனமாக இருந்தேன். சனிக்கிழமை மத்தியானம், மோட்டார் சைக்கிளில் சிற்றாலயத்துக்குப் போனேன். பின்னறையில் அவள் வேலை செய்யும் மேசைமேல் டின்கள் திறந்திருந்தன. ஜன்னல் கண்ணாடிப் பட்டைகள் வழியாகவே எல்லாம் தெரிந்தது. ஒரு காகிதத்தைச் சுருட்டிக் கொளுத்தி உள்ளே போட்டேன். அவ்வளவுதான்.

அவள் சாப்பிடப் போயிருப்பாள் என்று நினைத்ததாகக் காலையில் சொன்னேன். அது சரியில்லை. அவளுடைய செருப்பு வாசலில் இருந்தது. ஜன்னலுக்குப் போகும் முன்பே கதவை வெளியிலிருந்து தாழ் போட்டிருந்தேன். ரீல் மட்டும் எரிந்தால் போதாது, இன்ஸ்பெக்டர். அதில் இருந்ததைப் படித்தவள் அவள்.

அவள் கதவைத் தட்டினாள். "அங்கிள்" என்றுதான் கூப்பிட்டாள். நான் அங்கேயே நின்றேன். செம்பனைக்குலை ஏற்ற வந்த வங்காளதேசத்துப் பையன்கள் புகையைப் பார்த்து ஓடிவந்தார்கள். என்னை நகர்த்திவிட்டு அவர்கள்தான் தாழைத் திறந்தார்கள்.

அவள் உயிரோடு இருப்பதாகச் சொன்னீர்கள். சந்தோஷம். தொண்டை வெந்துவிட்டதால் குரல் வராது, இரண்டு கையிலும் கட்டு, எழுதவும் முடியாது, வாக்குமூலம் எப்படி வாங்குவது என்று உங்கள் ஆட்கள் வெளியே பேசிக்கொண்டார்கள். அதற்கு ஏன் சிரமப்படுகிறீர்கள்? என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். அவள் வாயசைத்தால் போதும். என்ன சொல்கிறாள் என்று நான் சொல்கிறேன்.